எது நிஜ வாசிப்பு

டிரம்ஸ் வாங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் கணினி டிரம்ஸ் இருக்கிறது. எங்கோ ஒரு நல்ல ஸ்டுடியோவில், ஒரு நல்ல வாசிப்பாளர் ஒவ்வொரு டிரம்மையும் மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பது வரை தட்டித் தட்டிப் பதிவு செய்திருப்பார். அந்தத் துண்டுகளை வாங்கி, நாம் வீட்டில் உட்கார்ந்தபடி கோர்த்துக்கொள்ளலாம். யார் தூக்கமும் கெடாது.

என் பெயர் மெய்யநாதன். வலையபட்டியில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டு, அதாவது முற்றம் தாண்டிய உள்பகுதி, இப்போது என் ஸ்டுடியோ. இந்த டிரம்ஸ் மென்பொருள்களை ஒப்பிட்டு யூடியூபில் வீடியோ போடுவது என் வேலை. தமிழில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. ஒன்றில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம் அருமையாக இருக்கும், சிம்பல் என்கிற பித்தளைத் தட்டு தகரம் தட்டியதுபோல இருக்கும். இன்னொன்று கணினியின் பாதி இடத்தைத் தின்றுவிட்டு, எந்தப் பாட்டுக்கும் ஒரே கல்யாண மண்டபச் சத்தம் கொடுக்கும். யாரிடமும் சலுகை வாங்காமல் உள்ளதைச் சொல்வேன். அதனால்தான் பார்த்தார்கள்.

சிவரஞ்சனி அப்படித்தான் உள்ளே வந்தாள், இன்ஸ்பெக்டர் மேடம். ஒரே பாட்டை நான்கு மென்பொருள்களிலும் ஒரு நிஜ டிரம்ஸிலும் கொடுத்து, எது நிஜம் என்று பார்க்கிறவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். நிஜத்துக்கு ஆள் வேண்டும். காரைக்குடியில் நகை வேலை செய்கிற ஒரு ஆசாரியின் மகள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள் என்று சொன்னார்கள். ஒல்லியான பெண். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலில் வெறுங்காலை வைத்து உட்கார்ந்தாள்.

பார்த்தவர்கள் அவளை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் முறை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை மென்பொருளின் தாளத்தை அங்கங்கே இம்மியளவு தள்ளி வைத்தேன். மனிதக் கை தவறுவதுபோல அடியின் பலத்தை மாற்றினேன். வாரக்கணக்கில் செய்த வேலை. மறுபடியும் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவர், பாதிப் பாட்டுகூடக் கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் அவளையே பதிவு செய்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் இரண்டாம் கட்டின் உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவரும் டிரம்ஸுக்கு வெளிநாட்டிலும் கிடைக்காத சத்தத்தைக் கொடுக்கும். அவள் சலிக்காமல் வந்தாள். ஒரே ஸ்னேரை ஒரு நாள் முழுவதும் தட்டினாள். என் மனைவி விசாலி அவளுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுப்பாள். இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து சிரிப்பது எனக்கு மைக்கில் கேட்கும்.

'வலையபட்டி டிரம்ஸ்' என்று பெயர் வைத்து வெளியிட்டேன். வாங்கியவர்கள் பாராட்டினார்கள். இந்த முறை ஒப்பீட்டில் வேறெதையும் சேர்க்கவில்லை. ஒரு பக்கம் அவளுடைய அடிகளை வைத்து நான் கட்டிய டிராக், மறுபக்கம் அவள் வாசித்தது. அதே டிரம்ஸ், அதே அறை, அதே மைக், அதே கை. யாராலும் பிரிக்க முடியாது என்று நம்பினேன்.

பிரித்துவிட்டார்கள்.

சிவரஞ்சனிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நீங்க எல்லாஞ் சரியாத்தேன் பண்ணியிருக்கீக அண்ணே," என்றாள். "இதெல்லாம் நான் அடிச்சதுதேன். ஆனா நான் வாசிக்கலைல்ல?"

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வாரம் சென்னையில் ஓர் இசையமைப்பாளரின் அலுவலகத்திலிருந்து எனக்கு மெயில் வந்தது. மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அவள் இப்போது வாசிப்பதில்லை என்று பதில் போட்டேன். அது அப்போது உண்மையில்லை என்று நீங்கள் சொல்லலாம்.

பதிவில் குறை இருக்கிறது, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பதிவு செய்வார்கள். உள்ளே தாளத்துக்கு ஒரு 'டிக் டிக்' ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் டிரம்ஸ் இடிப்பதால் அந்தச் சத்தம் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவர்தான் வைப்பார். வாசிக்கிறவர் அவரை நம்பித்தான் காதைக் கொடுக்கிறார். நான் ஒரேயடியாக எதையும் செய்யவில்லை. நாளுக்குக் கொஞ்சம் கூட்டினேன். பழகிய காது இன்னும் கொஞ்சம் தாங்கும். எதிர்பாராத சத்தத்தை அமுக்கிவிடுகிற ஒரு தடுப்பு அதில் உண்டு. பிறகு ஒரு நாள் அதையும் எடுத்துவிட்டேன்.

"அண்ணே, ரொம்பக் கத்துது, கொஞ்சம் கொறைங்க," என்று சைகை காட்டுவாள். அவள் பார்க்கும்படி ஒரு குமிழைக் குறைப்பேன். அவள் பார்க்காத இடத்தில் ஒன்றைக் கூட்டுவேன். அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி தொடங்குவாள்.

சில நாளில், வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். சளியாக இருக்கும், சூடாக மிளகு ரசம் குடி என்று சொன்னேன். விசாலியே வைத்துக் கொடுத்தாள். குன்றக்குடியில் ஒரு கச்சேரியில் பாடகர் சரணத்தைத் தொடங்கியது அவளுக்குக் கேட்காமல், பல்லவிக்கே வாசித்துக்கொண்டிருந்தாளாம். மேடையிலேயே திட்டினார்களாம். குழுவில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான் பேசுவதைப் புரிந்துகொள்ள என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரையில் காது டாக்டரிடம் அவளை என் காரில்தான் கூட்டிப் போனேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நரம்பு கெட்டுவிட்டது, திரும்ப வராது, மிஷின் வைத்தாலும் ஓரளவுதான் என்றார் டாக்டர். அதை அவளுக்கு நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது மேலூர் தாண்டினோம். பிறகு, "ஒங்களுக்குத்தேன் அண்ணே சங்கடம், பதிவு பாதியில நிக்குது," என்றாள்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இனி ஒப்பிட ஆள் கிடையாது. அவளுடைய வாசிப்பு என்று உலகத்தில் மிச்சமிருப்பது என்னிடம் உள்ள துண்டுகள் மட்டும்தான். அவை கெடாது, அவற்றுக்கு வயதாகாது, சென்னைக்கும் போகாது. ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

போன வாரம் அவளாகவே வந்தாள். "ஒரு தடவ வாசிச்சுப் பாக்குறேன் அண்ணே. ஹெட்போன் வேணாம்," என்றாள். மறுக்கக் காரணம் இல்லை. சொல்லப்போனால் எனக்கும் ஆர்வமாக இருந்தது. பெரிய டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வாசித்தாள். இரண்டு மூன்று இடங்களில் வேகம் கூடியது. சிம்பலை வேண்டியதைவிட ஓங்கி அடித்தாள். மென்பொருளில் இப்படி நேராது. அதைப் பதிவு செய்து, என் டிராக்கின் பக்கத்தில் வைத்து, வழக்கம்போலக் கேள்வியோடு வெளியிட்டேன்.

அடுத்த நாள் விசாலி அறையைக் கூட்ட வந்தாள். சிவரஞ்சனி வாசித்ததைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் பதிவை ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டாள். சத்தம் நான் கடைசியாகக் கூட்டி வைத்த அளவிலேயே இருந்தது. ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன நாளா அந்தப் பிள்ள காதுல இதையா வச்சீக?"

"ஆமாம்," என்றேன். நான் மனைவியிடம் பொய் சொல்வதில்லை.

"தெரிஞ்சா?"

"தெரியாமல் இதையெல்லாம் செய்ய முடியாது, விசாலி."

அவள் கட்டியிருந்த புடவையோடு காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

காலையில் இந்த மேசைக்கு எதிரே சிவரஞ்சனி நின்றாள். பக்கத்தில் விசாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டால் அந்தப் பெண் கத்துவாள் என்று நீங்கள் இரண்டு காவலர்களை நிறுத்தியிருந்தீர்கள். அவள் கத்தவில்லை. "ஏன் அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். இத்தனை பேர் முன்னால் உரக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. தங்கை மாதிரிதான். அவள் கேட்கும் திறனை நான் தெரிந்தே, திட்டமிட்டே அழித்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன். செய்தது வீணாகிப்போனதே என்கிற வருத்தமும் எனக்கு இருக்கிறது. உங்கள் காவலர் என் போனை வாங்கி வைப்பதற்கு முன் அந்தக் கடைசி வீடியோவைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் மறுபடியும் அவளையே கண்டுபிடித்திருந்தார்கள். முன்பைவிட நன்றாக வாசிக்கிறாள் என்றுகூட எழுதியிருந்தார்கள்.

அவசரப்பட்டுக் காதில் கை வைத்துவிட்டேன், மேடம். அந்தப் பெண்ணுக்கு வாசிப்பு மணிக்கட்டில் இருந்திருக்கிறது.