துணைக்கு வருபவரின் பெயர்

— தராசில இருந்து இறங்குங்க, கந்தப்போடியண்ணன். உங்களுக்குக் கடிதம் இல்ல. சத்துமாதான்.

— நெஞ்சு நோகுது எண்டு வந்தவனுக்குச் சத்துமாவா, புஸ்பம்?

— நிறை நாப்பத்தாறு கிலோ. அதை உங்கட உயரத்தால ரெண்டு தரம் பிரிச்சா பதினாறு வருது. பதினெட்டரைக்குக் கீழ எண்டா மெலிவு. மெலிவுக்குச் சத்துமா. இருவத்தஞ்சுக்கு மேல போனாத்தான் இருதய ஆபத்து, அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக் கடிதம். அட்டவணை அப்பிடித்தான் சொல்லுது.

— அட்டவணைக்கு எப்பவாவது நெஞ்சு நொந்திருக்கா?

— அதை டொக்டரிட்டக் கேளுங்க.

— எங்க அவர்?

— ஆத்துக்கு அங்கால. இந்தக் கிழமையும் ஆமி துறையில மறிச்சுப்போட்டானுகள். கையெழுத்துப் போட்ட படிவத்தையும் இந்தத் தராசையும் மட்டும் அனுப்பியிருக்கார்.

— தராசை விட்டானுகளா?

— ரெண்டு நாள் கழட்டிக் கழட்டிப் பாத்துப்போட்டு விட்டானுகள்.

— டொக்டரையும் கழட்டிப் பாத்துப்போட்டு விட்டிருக்கலாம்.

— இஞ்சாருங்க, பகிடியை விடுங்க. புஸ்பம், இவர் ஆறு நாளா வயல் வட்டைக்குப் போய் வாறதெண்டா வரம்புக்கு வரம்பு குந்திக் குந்தித்தான் வாறார். கடிதம் இல்லாம ஆமிட சென்றியில விடமாட்டானுகள் எண்டு உனக்கும் தெரியும். பதினாறை இருவத்தாறாக்கி விடன்.

— இலட்சுமிப்பிள்ளையக்கா, நான் பொய் எழுத மாட்டன். ஒரு பொய் பிடிபட்டா ஊருக்கே கடிதம் நிண்டுபோகும். அதோட, அண்ணனைக் கண்ணால பாத்தவன் இருவத்தாறு எண்டு நம்புவானா?

— பொய் எதுக்குகா, புஸ்பம்? இந்தா நிக்கிறாளே என்ட பெண்சாதி. இவளை ஏத்து.

— என்னையா?

— ஓம்கா, உன்னைத்தான். சண்டைக்குள்ளயும் மெலியாத உடம்பு, இண்டைக்காவது உதவட்டும்.

— நீங்க கோப்பையில விட்ட மிச்சத்தைத் திண்டு வந்த உடம்பு. நகருங்க அங்கால.

— ஆடாம நில்லுங்க அக்கா. எழுவத்திரண்டு. இப்ப சுவரோட நிமிந்து நில்லுங்க... ம். முப்பத்தொண்டு!

— பள்ளிக்கூடத்தில ஒருநாளும் எடுக்காத புள்ளி!

— கடிதம் அக்காட பேரில. துணைக்கு வருபவர், கந்தப்போடி. இதில ஒரு பொய்யும் இல்ல. ஆனா அங்க போய் என்ன செய்யப்போறீங்க?

— இவள் டொக்டரிட்ட அழுவாள். எனக்குப் பதிலா இவரை அந்த நெஞ்சு பாக்கிற மெசினில படுக்க வைங்க எண்டு கேப்பாள். அழ இவளுக்குச் சொல்லிக் குடுக்கவா வேணும்?

— ஒரு கடிதத்துக்கு ஒராளுக்குத்தான் மெசின், மறந்திராதீங்க. இன்னும் ஒரு கட்டம் கிடக்கு. ‘நோயாளி கூறும் நோவு.’ அதை வெறுமையா விட ஏலாது.

— பொய் எழுத மாட்டன் எண்டாயே?

— நீங்க சொல்லுவீங்க, நான் எழுதுவன். பொய் எண்டா அது உங்கட பொய். சொல்லுங்க அக்கா.

— என்னத்தைச் சொல்ல... நெல்லுக் குத்தக்குள்ள நெஞ்சில ஆரோ ஏறி நிக்கிறாப்போல இரிக்கும்.

— எழுதிற்றன்.

— பிறகு இடத் தோள் இழுக்கும். அதில இருந்து சின்னி விரல்வரைக்கும் விறைக்கும். தாடையும் நோகும். வெயிலுக்குள்ள நிண்டாலும் உடம்பு குளிர்ந்து வேர்க்கும். உலக்கையைச் சாத்திப்போட்டு, சுளகை மடியில வெச்சு, புடைக்கிறாப்போல குந்தியிருப்பன். அப்பிடி இருந்தா ஆரும் என்ன ஏது எண்டு கேக்கமாட்டாங்க.

— போதும்கா. என்ட நோவு நடுநெஞ்சோட நிக்குது. கை விறைக்குது எண்டு நான் உன்னட்டச் சொன்னதே இல்லியே.

— நீங்க சொல்லல்லதான்.

— அப்ப ஆர் சொன்ன?

— அதை விடுங்க. புஸ்பம், நீ எழுது.

— எவ்வளவு நாளா, இலட்சுமி?

— போன நெல்லு வெட்டுக் காலத்தில இருந்து.

— அக்கா, என்னட்ட வேற படிவம் இல்ல. இதுதான் கடைசி.

— தெரியும். அதுதான் வாய் திறக்கல்ல. மெசினில அவரே படுக்கட்டும் புஸ்பம், நான் வெளிய குந்தியிருப்பன். வேணுமெண்டா அந்த நோவை வெட்டிப்போடு.

— புஸ்பம், பேனையை வை. துணைக்கு வருபவர் எண்ட இடத்தில என்ட பேர்தானே கிடக்கு? ஒண்டையும் வெட்டாத. நீ பொய் எழுதல்ல.