ஓடுகிற வண்டியைப் பிரிக்கக் கூடாது

உங்கள் ஜீப்பின் இடது முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, ஐயா. என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே சொல்ல நினைத்தேன். டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன். சீக்கிரம் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். மழை நாளில் யாருக்காவது அடிபட்டுவிடப் போகிறது.

கேட்கிற எல்லாவற்றையும் சொல்கிறேன். சிட்டுவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னைத் திட்டுவதே அதற்காகத்தான்.

சிட்டு என்பது அந்தக் காருக்கு நாங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்தது யார் வாயிலும் நுழையாது. மூன்று கதவு, குட்டை உடம்பு, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய இன்ஜின். நான் அப்போது கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். முதல் சிட்டு வந்த அன்று, ஓட்டிப் பார்க்கிற சாக்கில் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். மேனேஜர் மெமோ கொடுத்தார். பல்லைக் காட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஜனங்களுக்கு உயரமான வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. மாடிப்படி ஏறுவது போல ஏறி உட்கார்ந்தால்தான் கௌரவம் என்று நினைத்தார்கள். கம்பெனி சிட்டுவை நிறுத்தியது. கொஞ்ச காலம் பாகங்கள் மட்டும் அனுப்பினார்கள், அதுவும் நின்றது. நான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஷெட் போட்டேன். சிட்டு வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து ஒரு சங்கம் ஆரம்பித்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஷெட்டில் கூடி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் வலிக்கப் பேசுவோம். நீங்கள் ஒரு தடவை வந்திருந்தால் நீங்களும் ஒரு சிட்டு வாங்கியிருப்பீர்கள்.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதி. நான் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். ஓடுகிற வண்டியைப் பிரிக்கக் கூடாது. ஒரு சிட்டுவுக்குப் பாகம் வேண்டும் என்பதற்காக நன்றாக ஓடுகிற இன்னொன்றில் ஸ்பேனரை வைக்கக் கூடாது. அது கொலை. விபத்தில் போன வண்டியைப் பிரிக்கலாம், அதில் பாவம் இல்லை. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் விபத்து தானாக நடந்தது. எங்கள் பேங்க் குமாஸ்தா மழையில் சறுக்கி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகிவிட்டார். நல்ல மனிதர், போய்விட்டார். அடுத்த ஞாயிறு எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அவருடைய வண்டியிலிருந்து எடுத்ததையெல்லாம் தார்பாயில் பரப்பி வைத்திருந்தேன். பின் விளக்குகள், கதவுகள், பின் அச்சு. ஒரு வருடமாக உடைந்த விளக்கோடு சுற்றிக்கொண்டிருந்த பல் டாக்டர், விளக்கைக் கையில் வாங்கியதும் குழந்தை மாதிரி சிரித்தார். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பாகம் அக்குளில். ஒரு சிட்டு போனதில் ஐந்து சிட்டு பிழைத்தது. குமாஸ்தா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அதிலிருந்துதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். முன்னால் மோதினால் பின்பக்கம் பிழைக்கும். பின்னால் இடி வாங்கினால் இன்ஜின் பிழைக்கும். எது தேவையோ அதற்கேற்ற விபத்து வேண்டும். காத்திருந்தால் தானாக நடக்காது, ஏனென்றால் எங்கள் ஆட்கள் எல்லோரும் நிதானமாக ஓட்டுகிறவர்கள். அவர்களை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

பல் டாக்டர் தன் வண்டிக்குப் பின்னால் பெரிய இறக்கை ஒன்றை மாட்டி, ரோஸ் நிறம் அடித்து வைத்திருந்தார். பார்க்கிறவன் வயிறு எரியும். அதனால் அவரிடம் ஆரம்பித்தேன். என்ன செய்தேன் என்று விவரமாகக் கேட்காதீர்கள், அது தொழில் சமாச்சாரம். அவருக்கு ஒரு கால் போனது. "பல்லைப் புடுங்கறதுக்குக் கால் எதுக்கு டாக்டர்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். அவரே சிரித்துவிட்டார். மற்ற மூன்று பேர் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அதில் இரண்டு பேர் இறந்தது நான் எதிர்பாராதது. இரண்டு வீட்டுக்கும் போய் அழுதேன். நடிப்பில்லை, ஐயா. எனக்கு எல்லோரையும் பிடிக்கும்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். என் தங்கையின் கணவர். ஊரிலேயே சுத்தமான சிட்டு அவருடையது, ஒரு கீறல் கிடையாது. அந்தச் சமயத்தில் எங்கள் பூகோள டீச்சரின் வண்டி கியர்பாக்ஸ் போய் என் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. அவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, பானெட்டைத் தடவிவிட்டுப் போவார். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து, "உன் தங்கச்சிக்கு முட்டி வலி மச்சான், குனிஞ்சு ஏற முடியல. வண்டியைக் கம்பெனில குடுத்துட்டு உசரமா ஒண்ணு எடுக்கப் போறேன்" என்றார். கம்பெனி அப்படி வாங்குகிற பழைய வண்டியை என்ன செய்யும் தெரியுமா? இயந்திரத்தில் போட்டு நசுக்கிவிடும். கியர்பாக்ஸோடு சேர்த்து.

"கேட்டிருந்தா அவரே அந்த வண்டியை உனக்குக் குடுத்திருப்பாரேய்யா" என்கிறீர்கள். கொடுத்திருப்பார். தங்கமான மனிதர், சட்டையைக் கேட்டாலும் கழற்றிக் கொடுப்பார். ஆனால் வாங்கி என்ன செய்வது? கியர்பாக்ஸை எடுக்க வேண்டுமானால் அந்த வண்டியைப் பிரிக்க வேண்டும். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே, ஐயா. விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கியர்பாக்ஸ் முன்பக்கம் இருக்கிறது. அதனால் மோதக் கூடாது, கவிழ வேண்டும். ஷோரூமுக்குப் போகிற சாலையில் அதற்கு வாட்டமான ஒரு சரிவு உண்டு. அவர் வண்டியைக் கொடுக்கப் போன அன்று காலையில் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். "டீச்சர், கவலைப்படாதீங்க. இந்த வாரம் கியர்பாக்ஸ் கெடச்சுடும்." அதற்கு மாப்பிள்ளையே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மத்தியானம் வண்டியோடு ஷெட்டுக்கு வந்து, "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடு மச்சான்" என்றார். பார்த்தேன். சாயங்காலம் கவிழ்ந்தது, மாப்பிள்ளை பிழைக்கவில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவருடைய போனில் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறாள். என்னைப் பிடிக்க உங்களுக்கு அது போதுமாக இருந்தது. நல்ல செய்தியை என்னால் வாயில் வைத்திருக்க முடியாது, அதுதான் என் குறை.

ஆனால் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே டீச்சர் வண்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். சாவியைத் திருப்பியதும் அவர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இப்போது விஷயம் தெரிந்ததும் அவர் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார் என்கிறீர்கள். இது எனக்கு வருத்தம்தான். வண்டி என்ன பாவம் செய்தது? யாராவது போய் அதை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

தங்கையைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இடுப்பெலும்பு சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். எழுந்து நடந்ததும் என் பக்கத்து நியாயம் அவளுக்குப் புரியும். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்கிற பெண். அவள் அந்த வண்டியில் இருந்தது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை எப்போதும் தனியாகத்தான் போவார். தெரிந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? கூடப் பிறந்தவள், ஐயா.

அன்று மத்தியானம் அவள் ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். "புது வண்டியில மொதல்ல உன்னத்தான் கூட்டிட்டுப் போவேண்ணா" என்றாள். நான் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். முட்டி வலியோடு அவள் குனிந்து ஏற, முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கதவை நானேதான் சாத்தினேன். அவள் எப்போதும் ஓங்கிச் சாத்துவாள், கீல் போய்விடும், அந்தப் பக்கத்துக் கதவு இனிமேல் எங்கேயும் கிடைக்காது.