மழையுறைக்கு அளவு

“ஹலோ... நான்தான்... ஆமா, நானேதான். வெச்சிடாத... இல்லல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல... நானும் நல்லாத்தான் இருக்கேன். ஒரு சின்ன விஷயம், கேட்டுட்டு வெச்சிடுறேன்... ம்... ம்... கொஞ்சம் பொறு, கால் மாட்டிக்கிச்சு.”

கால் மாட்டிக்கொண்டது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், வீட்டு ஹாலின் நட்டநடுவே, லிஃப்ட் மெக்கானிக் ஒரு பச்சைப் பைக்குள் இடுப்புவரை சிக்கிக் கிடந்தார். கூடாரம் இல்லாமல் திறந்தவெளியில் படுப்பவர்கள் ஸ்லீப்பிங் பேக்குக்கு மேலே போட்டுக்கொள்ளும் மழையுறை அது. இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்துத் தன் உயரத்துக்கு வாங்கி வந்திருந்தார். உள்ளே மெத்தைவிரிப்பும் ஸ்லீப்பிங் பேக்கும் போகவேண்டும் என்பதைக் கணக்கில் எடுக்க மறந்துபோனார். லிஃப்ட் கதவில் நூல் அளவு இடைவெளி தப்பினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன் இவர்.

“படுக்கிற மழையுறை ஒண்ணு வாங்கினேன், சின்னதாப் போச்சு... சிரிக்கிறியா?... சரி, சிரி. பரவால்ல, கேக்க நல்லாத்தான் இருக்கு... மாத்தித் தரேன்னுதான் சொல்றாங்க. ஆனா கடைக்காரம்மா ஒரு கேள்வி கேட்டுட்டாங்க...”

காலையில் கடைக்காரம்மா போனில் பொறுமையாகத்தான் விளக்கினாள். உறை இறுக்கமாக இருந்தால் உள்ளேயிருக்கும் பஞ்சு நசுங்கிக் குளிர் ஏறும். தொளதொளவென்று இருந்தாலும் உடம்புச் சூடு நிற்காது. நேராகப் படுப்பவர் என்றால் நீளமானது, ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பவர் என்றால் அகலமானது. ரெண்டு பேர் படுக்கிற உறையும் ஒன்று இருக்கிறது, விலை ஒன்றும் அதிகமில்லை என்றாள். நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டாள். அது மெக்கானிக்குக்கே தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள், ஆய்வகத்தில் வேலை கிடைத்ததைச் சாக்காக வைத்து, போன வருஷம் வேறு ஊருக்குப் போய்விட்ட மனைவி. அவளைத்தான் இப்போது கூப்பிட்டிருக்கிறார். குத்துமதிப்பாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரெண்டு பேர் உறை மனதில் ஒட்டிக்கொண்டது. நீயும் வாயேன் என்று கேட்டுவிட இதைவிட நல்ல சாக்கு அவருக்கு எப்போது கிடைக்கும்?

“வெளியிலதான்... மலைமேல. லீவு போட்டிருக்கேன்... யாரோடன்னா... வேலையிடத்துல நம்ம ஆளுங்க, நாலஞ்சு பேரு.”

சுத்தப் பொய். கூப்பிட்டுப் பார்த்ததில் ஒருவர் முதுகுவலி என்றார், மற்றவர்கள் பார்க்கலாம் என்றதோடு சரி. வீட்டில் தூக்கம் வருவதில்லை, வெளியிலாவது வராதா என்றுதான் இவர் கிளம்புகிறார்.

“அத விடு. நான் எப்படித் தூங்குவேன், சொல்லு. நேராவா, சுருண்டா?... ம்?... தெரியாதா? உனக்குத் தெரியாம வேற யாருக்கு... என்ன சொல்ற?... எங்க?... நீ ஹால் தரையிலயா படுத்த?... தினமுமா?”

மெக்கானிக் தான் கிடந்த தரையைத் தடவிப் பார்த்தார். பகலிலேயே சில்லென்று இருந்தது.

“காலையில எழுந்தா நீ பக்கத்துலதான இருப்ப... ஓ... நான் முழிக்கிறதுக்குள்ள வந்து படுத்துக்குவியா... ஏன்?... குறட்டையா? அவ்வளவு பெருசாவா?... சொல்லியிருக்கலாம்ல... சொன்னியா? நான் என்ன சொன்னேன்?... ம்... ஆமா. சிரிச்சிருப்பேன். நாலு பேர்கிட்ட சொல்லியும் சிரிச்சிருப்பேன்.”

அவள் போனதிலிருந்து, தூக்கத்தில் கை பக்கத்து இடத்தைத் துழாவும்போதெல்லாம் அவர் விழித்துக்கொள்வார். அந்த இடம் போன வருஷம்தான் காலியானது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது பல வருஷமாகக் காலியாகத்தான் கிடந்திருக்கிறது, இவர் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறார். சில்லென்ற தரையில் கிடந்த அவள் முதுகை நினைத்துப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தும் பாவமாக இருந்தது, அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

“இருக்கேன், இருக்கேன்... லைன் கட்டாகல. அந்தக் கடையில இன்னொரு உறை இருக்காம், கொஞ்சம் பெருசு... இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு. இப்ப அங்க நல்லா தூங்குறியா?... ராத்திரி முழுக்கவா?... கட்டில்லதான?... ம்... ம். நல்லது... இல்ல, நிஜமாத்தான் சொல்றேன், நல்லது.”

மெக்கானிக் பையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்னது?... ஓ, அந்தப் பெரிய உறையா? அது ஒண்ணுமில்லம்மா, சும்மா சொன்னேன். அகலமானதே எடுத்துக்கறேன்... ஒருக்களிச்சுப் படுத்தா குறட்டை குறையுமாம்ல... யாரு தூக்கம் கெடப்போகுதுன்னா கேக்கற? அதான், கூட வர்றவங்க... இல்ல. யாரும் வரல. தனியாத்தான் போறேன்... ம்... ம்... இருந்தாலும் ஒருக்களிச்சே படுத்துப் பழகுறேன்... சரி. வெக்கிறேன்.”