மூணாவது பாட்டு முடிஞ்சதும்

விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி… பைபாஸ் ரோடு. ஈ, காக்கா இல்ல. டேய், முதல்ல அந்த போனை உள்ள வை. அப்பதான் சொல்லுவேன்.

என் கூட்டாளியோட மச்சான் கார்ல வீட்டுக்கு வர்றான். பழைய ரெக்கார்டுல இருக்குற கரகரப்பு, தும்மல், இருமல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுக்குறதுதான் அவன் வேலை. அன்னைக்கு முடிச்சது ஒரு போராட்டப் பாட்டுக்காரரோட ஆல்பம். மில் ஸ்ட்ரைக் அப்போ கேட் வாசல்ல நின்னு, ஒத்தை கிதாரோட, தானே எழுதிப் பாடினதை அங்கேயே பதிவு பண்ணினது. அந்தக் காலத்துல அந்த ரெக்கார்டு இல்லாத தொழிலாளி வீடே கிடையாது.

இவன் வீட்லயும் அம்மா தினம் போடுவாங்க. மூணாவது பாட்டு முடிஞ்சதும் கூட்டத்துல ஒருத்தர் இருமுவார்… வறட்டு இருமல். அப்போ அம்மா உதடு லேசா அசையும். ஏன்னு இவன் ஒருநாளும் கேட்டதில்ல. இவன் ஸ்டுடியோவுல அந்த இருமலையும் வெட்டித் தூக்கிப் போட்டுட்டான். தொழில் புத்தி!

சுத்தம் பண்ணின அந்தப் பாட்டைத்தான் கார்ல கேட்டுட்டு வர்றான். மூணாவது பாட்டு முடியுது… அமைதி…

பின் சீட்ல இருமல்.

கண்ணாடியில பாக்குறான். யாரும் இல்ல. ஆனா மெஷின் எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த ஒரு வாடை… மில்லுக்குள்ள அடிக்குமே, அதே வாடை. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

உள்ள ரெக்கார்டு ஓடுது. அம்மா அழுதுட்டு உக்காந்திருக்காங்க.

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன்டா… உங்கப்பா இருமலைக் காணோம். அன்னைக்கு மில் வாசல்லேருந்து அவரை இழுத்துட்டுப் போனவங்க திருப்பி அனுப்பவே இல்ல. எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். எங்கடா போச்சு?"

 இவன் வெட்டினது கம்ப்யூட்டர்ல இருந்த நகலைத்தானே… வீட்ல இருக்குற ரெக்கார்டுல எப்படிப் போகும்?

வெளிய கார் கதவு திறக்குற சத்தம்… டக். அப்புறம், இருமல்.

அம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை இவன் பாத்ததே இல்லையாம். டம்ளர்ல தண்ணி எடுத்துட்டு வெளிய போனாங்க. இவனுக்குப் பயம் கொஞ்சம் தெளிஞ்சு போய்ப் பாத்தா… பின் சீட்ல அம்மா சாஞ்சிருக்காங்க. தொட்டா சில்லுனு இருக்கு. மூச்சு இல்ல. டம்ளர் காலி.

என் கூட்டாளி வீட்லயும் அந்தப் பழைய ரெக்கார்டு இருக்கு. போன வாரம் போட்டோம். மச்சானும் இருந்தான். மூணாவது பாட்டு முடிஞ்சுது. இருமல் வந்துச்சு… அது எப்பவும் வர்றதுதான்.

அதுக்கப்புறம் ஒரு பொம்பளைக் குரல், மெதுவா…

"தண்ணி குடிங்க."