மூன்றாவது வீடியோ

இதை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம், என் கையெழுத்து நன்றாக இருக்கும். வேறொன்றுமில்லை, மேடம். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தமிழ்வாணி என்ற பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். ஒரு வரியில் 'முழ்கி' என்று இருக்கிறது. நெடில் வேண்டும். எங்கள் அம்மா ஆசிரியை; இப்படிப்பட்ட தப்பு கண்ணில் பட்டால் தாண்டிப்போக எனக்கு வராது.

என் பெயர் ஆஷ்லின். வயது இருபது. வீடு தல்லாகுளத்தில். அம்மா தெரசா மிஷன் பள்ளியில் வேலை பார்க்கிறார், அப்பா யேசுதாஸ் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். தமிழ்வாணி என் வகுப்பு. எழுமலைக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஹாஸ்டலில் இருந்தாள். அவளுடைய அப்பா சுருளி, அம்மா ராக்கம்மாள் இரண்டு பேருமே காட்டு வேலைக்குப் போகிறவர்கள். அதையெல்லாம் நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனா?

அவள் கெட்டவள் என்றும் நான் சொல்ல மாட்டேன். எதை வெளியே காட்டுவது, எதை மூடி வைப்பது என்று தெரியாதவள், அவ்வளவுதான். காலையில் பல் விளக்குவதற்கு முன் போனை எடுப்பாள். அதை அவளே பெருமையாகச் சொல்லுவாள். மெஸ்ஸில் கட்டிதட்டிப் போன உப்புமா, ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் கோழியை வைத்துவிட்டு இறங்கிப்போன கிழவர், நடுரோட்டில் அறுந்த செருப்பு, எல்லாமே அவளுக்கு ரீல்ஸ். வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். முகம் தெரியாத எவனாவது 'சூப்பர் தங்கச்சி' என்று போட்டால், 'நன்றிண்ணே' என்று பதில் போடாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இத்தனைக்கும் அந்த வீடியோக்களில் விஷயம் என்று ஒன்றும் கிடையாது. ஊரில் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசுவாள். 'எம்புட்டுக் கூட்டம்டி இந்த பஸ்ஸுல, என் மூச்ச நான் விடுறேனா, பக்கத்துல இருக்கிறவ விடுறாளான்னே தெரியல.' இதற்கு நாற்பதாயிரம் பேர் அவள் பின்னால் வந்தார்கள். நான் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆங்கிலத்தில் வாசித்த வசனத்தை அப்பா எடுத்துப் போட்டார். அதை அத்தையும் பெரியப்பாவும் பார்த்தார்கள்.

முதல் வருஷத்திலிருந்து அவளுக்குப் போனைப் பிடித்துக்கொடுத்தது நான்தான். 'ஆஷ்லின் கையி ஸ்டாண்டு மாதிரிடி, அசையவே அசையாது' என்பாள். அது உண்மைதான்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கேக் வைத்தார், டீ போட்டார். எங்கள் வீட்டில் ஆறு பீங்கான் கப் கொண்ட செட் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று உடைந்துவிட்டதால் ஐந்துதான் இருந்தது. அன்றைக்கு அப்பா, அம்மா, நான், அவள் என்று நான்கு பேர். கப் பற்றாததால் அம்மா அவளுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். அவளும் குடித்தாள். கழுவி வைக்கட்டுமா என்று கேட்டு, தானே கழுவியும் வைத்தாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் ஒரு வீடியோ போட்டாள். 'டீச்சர் வீட்டு டீ' என்று பெயர். அதை நான் எடுக்கவில்லை, ஊரில் அவளே எடுத்திருந்தாள். டீச்சராகவும் அவளே, விருந்தாளியாகவும் அவளே. 'வாம்மா, சுகர் போடலாமா?' என்று அம்மா மாதிரியே உதட்டைக் குவித்துக் கேட்டாள். பிறகு டம்ளரைக் கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: 'டீச்சருக்கு அறிவு சாஸ்தி. கப்புல குடுத்தா ஆறிப்போயிரும்னு எனக்கு மட்டும் சில்வர்ல குடுத்திருக்காக.' அவ்வளவுதான் வீடியோ. பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். 'எங்களுக்கும் இந்த டம்ளரைத் தெரியும் தங்கச்சி' என்று நூற்றுக்கணக்கான பேர் கீழே எழுதியிருந்தார்கள்.

அம்மாவின் பள்ளியில் அந்த உதட்டுக் குவிப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மா ஒருநாள் லீவு போட்டார். 'இந்த மாதிரி ஆளுகள எல்லாம் எதுக்கு நடுவீடு வரைக்கும் கூட்டிட்டு வர்ற?' என்று என்னைக் கேட்டார். பொதுவாகச் சொன்னதுதான், யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அதை எடுத்துவிடு என்று தமிழ்வாணியிடம் பக்குவமாகக் கேட்டேன். கேன்டீனில் உட்கார்ந்து பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடுன்னு நான் எங்கயுமே சொல்லலையேடி" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏன், அது உங்க வீடு மாதிரியா இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பக்கத்து மேஜையில் எங்கள் வகுப்பு பவதாரிணி இருந்தாள், அவளும் சிரித்தாள்.

இதுதான் காரணம் என்று நீங்கள் கோடு போட்டு வைப்பீர்கள். இல்லை, மேடம். டம்ளருக்கும் மார்ச் மாதம் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பிறகும் நான் அவளோடு பேசினேன், அவளுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டில் பங்கு கொடுக்கவும் தவறியதில்லை. டிபன் பாக்ஸின் மூடியில் அவளுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன்.

மூன்றாம் வருஷம் முடிவதால் துறையில் தீம் பார்க் கூட்டிப்போனார்கள். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரம். பொறுப்பு பாண்டிராஜ் சார். அவர் பஸ்ஸில் ஏறியதும் தூங்கி, இறங்கியதும் சாப்பாட்டு டோக்கன் எங்கே என்று கேட்கிற ரகம். தமிழ்வாணி ஒரு வாரமாகவே 'இன்னும் ஆறு நாள், இன்னும் அஞ்சு நாள்' என்று போட்டுக்கொண்டிருந்தாள். ராட்டினத்தை இதுவரை திருவிழாவில் மட்டும் பார்த்தவளுக்கு அது பெரிய விஷயம்தான். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வீடியோ, வாடிப்பட்டி தாண்டியதும் வீடியோ, இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீடியோ.

யோசனை சொன்னது நான். அதை மறைக்கப் போவதில்லை.

"தண்ணியில முழுகுற மாதிரி ஒண்ணு பண்ணு" என்றேன். "நீ கத்தணும், காப்பாத்த ஆள் ஓடி வரணும், நீ எந்திரிச்சு சிரிக்கணும்."

"ஆத்தாடி, ஒனக்கு மூளையப் பாரேன்" என்று என் தோளில் அடித்தாள்.

"நீச்சல் தெரியுமா?"

"எங்கூரு கெணத்துல எங்கள எவன் எறங்க விட்டான், நீச்சல் பழக?"

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான்.

அலைக்குளம் எப்படி இருக்கும் என்று நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பாதம் நனைகிற அளவு; போகப் போக ஆழம். குறுக்கே ஒரு மிதவைக் கயிறு கட்டியிருப்பார்கள். சைரன் ஊதினால் அலை வரும், கூடவே காது கிழிகிற மாதிரி பாட்டு. உயரமான நாற்காலியில் விசிலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அருண்பாண்டி. தமிழ்வாணியின் போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி மடக்கி அமிழ்ந்துகொண்டு, 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று கையை ஆட்டினாள். அருண்பாண்டி நாற்காலியிலிருந்து குதித்தே விட்டார். அவர் கிட்டே வந்ததும் இவள் எழுந்து நின்று சிரித்தாள். வீடியோ நன்றாக வந்தது. ஆனால் கடைசியில் அவள் முகத்துக்கு நேராக யாரோ கையை நீட்டிவிட்டார்கள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன்.

இரண்டாவது தடவை அவர் பாதி தூரம் வந்தார். நான் கரையிலிருந்து போனைக் காட்டினேன். நின்றுவிட்டார்.

"ஏம்மா, வெளையாடுற விசயமாம்மா இது?" என்றார். "நூறு பேரு எறங்கியிருக்காக. நான் யாருன்னு பாக்குறது?"

"மன்னிச்சுக்கங்கண்ணே, இனிமே இல்லண்ணே" என்றாள் தமிழ்வாணி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த ஊரு பாப்பா நீ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அவளுக்கு அதோடு போதும் என்று இருந்தது. நான்தான் அந்தக் கயிறு வரைக்கும் போனால் வெளிச்சம் முகத்தில் விழும் என்றேன்.

"அங்க எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"அங்கதான அத்தனை பேரு நிக்கிறாங்க" என்றேன். நின்றார்கள். எல்லோரும் வளர்ந்த ஆம்பளைகள். அவள் என் தோளுக்குத்தான் வருவாள்.

போனாள். சைரன் ஊதியது. நான்கு நிமிஷம் கழித்து, ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் காலில் ஏதோ தட்டுகிறது என்று குனிந்து, அவளைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது என்னை ஆச்சரியப்படுத்தவில்லை. 'ரீல்ஸ் மோகத்தால் பறிபோன உயிர்' என்று எல்லா இடத்திலும் போட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்பு 'தங்கச்சி, தங்கச்சி' என்றவர்களே, 'இதுகளுக்கெல்லாம் இது வேணும்' என்று எழுதினார்கள். அவள் பதில் போட்டுப் போட்டு வளர்த்த கூட்டத்தின் லட்சணம் அது. கொஞ்ச நாளில் அருண்பாண்டி பக்கம் திரும்பினார்கள். நீங்களும் அவரைத்தான் உள்ளே வைத்தீர்கள். அவரை விடுவிப்பதற்காக நான் இதை எழுதுவதாக நினைக்க வேண்டாம். கண்ணால் பார்த்ததை நம்பாமல் ஒரு பெண்ணின் கையைப் பார்த்து முடிவெடுக்கிற ஆளுக்கு அந்த நாற்காலி எதற்கு என்பதுதான் என் அபிப்பிராயம்.

மூன்றாம் நாள் வகுப்பிலிருந்து எல்லோரும் அவள் ஊருக்குப் போனோம். அவள் அப்பா சுருளி என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சொரசொரவென்று இருந்தது.

"கடைசியா நீதான் பாப்பா கூட இருந்த. எம்புள்ள எதுவும் சொல்லுச்சாத்தா?"

"சிரிச்சுக்கிட்டேதான் போனா" என்றேன்.

அவர் அதைக் கேட்டு, "அது போதும்த்தா, அது போதும்" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஸ் ஏறுவதற்கு முன் தெருக்குழாயில் கையைக் கழுவிக்கொண்டேன். வெளியே போனால் கை கழுவுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவள் போனில் இரண்டு வீடியோதான் இருக்கிறது, மூன்றாவதை ஏன் அழித்தாய் என்றீர்கள். எந்த லேபுக்கு அனுப்பினாலும் உங்களுக்கு அது கிடைக்காது. அழித்தால்தானே கிடைப்பதற்கு?

அவள் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று 'ஆரம்பிக்கவா' என்று கையால் கேட்டாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். பட்டனைத் தொடவில்லை. முதல் அலையில் அவள் கால் தரையை விட்டது. இரண்டு வீடியோவையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடிக்கும்போது அவள் எவ்வளவு கத்துகிறாள் என்று உங்களுக்கே தெரியும். இப்போது சத்தமே இல்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வருவதும் போவதுமாக இருந்தது. நடிக்கும்போது அவள் ஒருநாளும் கேமராவைப் பார்க்க மாட்டாள். அன்றைக்கு நேராக என்னைத்தான் பார்த்தாள். என்னைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

அருண்பாண்டி எழுந்து நின்றார். அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாட்டுச் சத்தத்தில் பேச முடியாமல் கையை விரித்து, 'இதுவும் வெளையாட்டா?' என்பது போலக் கேட்டார். நான் ஒரு கையில் போனைப் பிடித்தபடி இன்னொரு கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அலை நிற்கிற வரைக்கும் நான் போனை இறக்கவில்லை. என் கை அசையவும் இல்லை.

பார்க்கின் கண்காணிப்புக் கேமராப் பதிவில் இதெல்லாம் தெரிகிறது என்றீர்கள். தெரியட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மேடம். அன்றைக்கு உங்கள் ரைட்டரிடம், 'பார்ப்பதற்கு நடிப்பு மாதிரி இருந்தது' என்றுதான் சொன்னேன். நடிப்பு என்று நான் நினைத்ததாகச் சொல்லவில்லை. என்னை வளர்த்த விதம் அப்படி. இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை என் வாயால் யாரிடமும் ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை.