அலுமாரிக் குமிழ் வைத்த ஹில்மன்

— இந்தப் பச்சைய எங்க வாங்கின, மதினி? கக்கூஸ் கதவுக்கு அடிக்கிற பச்சைதானே இது?

— ஓம் தம்பி, அதேதான். வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வாரல்லயே. பதுளை முழுக்கத் தேடினன், இது ஒண்டுதான் இருந்திச்சி. கதவுக்கு அடிச்சா கதவு, காருக்கு அடிச்சா காரு.

— தொர வச்சிருந்த காலத்துல இது பாலாட நெறம். ஸ்பிரிங்வெளி ரோட்டால போகக்குள்ள லயத்துச் சனம் ஒதுங்கி நிண்டு பாக்கும். தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போய், தொர ஊருக்குக் கப்பலேறக்குள்ள என்ட கூடப்பொறந்த நானா இத வாங்கினார். அப்பவும் துருப் புடிச்சித்தான் இருந்திச்சி. எண்டாலும் ஒரு மதிப்பு இருந்திச்சி. இப்ப கறிவேப்பிலக் கட்டு மாதிரி ஈக்கி.

— ம். பொறகு?

— பொறகு என்ன. நானா கால் போய் ஜன்னலடியில படுத்தீக்கார். நீங்க ஷெட்டுக்குள்ள கிரீஸ்ல குளிக்கிறீங்க. ஊருச் சனம் என்ன சொல்லும், வெளங்குதா? எங்கட புடவைக் கடைக்கு வார ஆளுகள் என்னயத்தான் கேக்கிறாங்க. ஒங்கட மதினி கராஜ் போட்டீக்காவாமே எண்டு.

— அவங்களுக்கு நீங்க என்ன சொன்ன?

— என்னத்தச் சொல்ல. மனசு கொழம்பிப் பெய்த்து எண்டு சொன்னன்.

— நல்லது. கொழம்பின பொம்புளைட கையில ஸ்பேனரும் ஈக்கி எண்டு சேத்துச் சொல்லுங்க. மேட்டுப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. இரிங்க, பிளேன்டீ ஊத்தவா? சீனி இல்ல. கருப்பட்டி கடிச்சிட்டுத்தான் குடிக்கணும்.

— ஒண்டும் வேணாம். மேடு ஏறி வந்ததுல மூச்சு அடைக்குது.

— கார் இல்லாதவங்களுக்கு அப்பிடித்தான் தம்பி.

— நான் வம்புக்கு வரல்ல, மதினி. நல்ல செய்தியோட வந்தன். கொழும்புல ஒரு பெரிய மனிசர். பழைய கார் சேக்கிறவர். இப்ப பண்டாரவளையில தங்கியீக்கார். ஹில்மன் எண்டு நான் சொன்ன ஒடன கண்ணு பளிச்செண்டிச்சி. லொறி அனுப்பி ஏத்திக்கொண்டு போறாராம். இண்டைக்கே.

— இண்டைக்கேயா?

— பகலைக்குள்ள. இப்பிடிப்பட்ட ஆளுகள்ட மனசு மழை மாதிரி. ஆனா ஒண்டு, தொர வச்சிருந்த மாதிரியே ஈக்கணுமாம். ஒரு ஆணி மாறப்படாதாம். வெளிப் பச்சையச் சொரண்டலாம், அது பரவாயில்ல.

— அப்ப கதவத் தொறந்து உள்ளுக்கும் பாத்துக்கொள்ளுங்க. பெரிய மனிசருக்குப் பொய் சொன்னதாப் போயிடும்.

— ... என்ன இது? ஸ்டீரிங்ல முளைச்சீக்கே, இது என்ன?

— குமிழ். என்ட சீதன அலுமாரியில இருந்தது.

— அலுமாரிக் குமிழா.

— பித்தள. நல்ல பாரம். ஒத்தக் கையால ஸ்டீரிங்க வளைக்க, புடிச்சிக்கொள்ள ஒண்டு வேணுமே. அலுமாரிக் கதவ நகத்தால இழுத்தாலும் தொறக்கும்.

— இந்தக் கம்பி? குடைப்புடி மாதிரி நீட்டிக்கொண்டீக்கி?

— பிரேக். தேயில பெக்டரியில வேல செஞ்ச இராமையாண்ணன் ஒட்டித் தந்தது. கீழால பெடலோட சேத்தீக்கி. கையால முன்னுக்குத் தள்ளினா, காலால மிதிச்ச மாதிரி.

— சைக்கிள் பிரேக்கையும் உட்டு வைக்கல்ல.

— அது எஞ்சினுக்கு எண்ண குடுக்கிறதுக்கு. அமத்தினா எஞ்சின் எரையும், உட்டா அடங்கும். கிளச்சுக்கு எடது கால் ஈக்கி.

— சீட்டு என்ன, சாக்கா?

— தேயிலச் சாக்கு. தோல் தேடினன். பதுளையில மாடு ஈக்கி, தோல் இல்ல.

— ஒரு தொரட காரைப் புடிச்சி, அலுமாரி, சைக்கிள், குடை, சாக்கு எல்லாத்தையும் அதுட தலையில கட்டி... இத அந்த மனிசருக்கு எப்பிடிக் காட்டுற? சிரிச்சே மவுத்தாப் போவார். ஆருக்கு இந்தக் கூத்து? நானா ஓட்டப் போறாரா?

— வேற ஆருக்குத் தம்பி எடது கால் மட்டும் ஈக்கி, இந்த ஊட்டுல?

— மதினி, நான் ஒளிச்சிப் பேச மாட்டன். வலது கால முழங்காலுக்கு மேலால வெட்டியாச்சி. பதுளை ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தன். சீனி வருத்தம் இன்னம் கொறயல்ல. கட்டில்ல இருந்து எழும்பி வாசல் முத்தத்துக்கு வர ரெண்டு கம்பு வேணும் அவருக்கு. அப்பிடிப்பட்ட மனிசன் இந்த எறக்கத்துல கார் ஓட்டுறதா? நொண்டிக் குதிரைக்கு லாடம் அடிக்கிற வேல இது.

— மெதுவாப் பேசுங்க. ஜன்னல் தொறந்துதான் ஈக்கி.

— கேக்கட்டுமே. நல்லதுக்குத்தானே சொல்றன்.

— அந்தக் கால்ல ஆணி குத்தினது எங்க எண்டு ஞாபகம் ஈக்கா?

— கடையில.

— கடையில. புடவைப் பெட்டி ஒடச்சிப் போட்ட எடத்துல. ஒங்கட வாப்பா மவுத்தாகக்குள்ள நீங்க பள்ளிக்கூடத்துல. ஒங்கள வளத்ததும், ஒங்கட கல்யாணம் முடிச்சதும் அந்தக் கடையில நிண்ட கால்தான்.

— அத நான் இல்லெண்டு சொன்னனா? அதுக்காகத்தானே ஓய்வா இருங்க எண்டது. கடைய நான் பாக்கிறன். இந்த ஊட்டுக்கு ஏதும் கொற வச்சீக்கனா?

— ஒரு கொறயும் இல்ல. மொதல்ல அவரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் அனுப்பினீங்க. பொறகு அந்த ஆள் வாரது நிண்டிச்சி. ஏன் எண்டு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? கல்யாணப் புடவை எடுக்க வார சனம், கல்லாவுல கம்போட ஒரு மனிசன் ஈக்கிறதப் பாத்து மொகம் சுளிக்குது எண்டீங்க.

— அது சனம் சொன்னது. வியாபாரம் அப்பிடித்தான். பொம்புளைகளுக்கு அது வெளங்காது.

— போன நோம்புக்கு வந்து, பொம்புளைகளுக்குக் கார்புரேட்டர் வெளங்காது எண்டீங்க.

— வெளங்கினதாக்கும் இப்ப.

— அதுல இருந்துதான் எல்லாம் தொடங்கினது. கடைக்குப் போறது நிண்ட பொறகு அவர் செவருப் பக்கம் திரும்பினவர் திரும்பினவர்தான். சோறு வச்சா தின்பார். கேட்டா பதில் இல்ல. நானும் அழுது பாத்தன், ஓதிப் பாத்தன். ஷெட்டுக்குள்ள இந்தக் கார், கால் போக முந்தி அவர் அரைவாசி கழட்டினபடி கெடந்திச்சி. கார்புரேட்டர் பேசின்ல, மண்ணெண்ணயில ஊறிக்கொண்டு. ஒரு நாள் அந்தப் பேசினத் தூக்கிட்டு வந்து கட்டில்ல வச்சன். இதக் குப்பையில கொட்டப் போறன் எண்டு சொன்னன்.

— கொட்டியீக்கணும்.

— திரும்பினார். தொட்டாயோ பாத்துக்க, மூளை கெட்டவளே எண்டு ஏசினார். செவருப் பக்கம் திரும்பின பொறகு அவர் என்னோட பேசின மொதல் பேச்சு அதுதான். அந்த ஏச்ச நான் காதுக்குள்ள வச்சீக்கன் தம்பி. அண்டையில இருந்து ஜன்னலடியில இருந்து அவர் ஏசுவார், நான் பூட்டுவன். பிழையாப் பூட்டினா கூட ஏசுவார். சில நாள் வேணுமெண்டே பிழையாப் பூட்டுவன்.

— ரெண்டு பேருக்கும் பொழுது போய்ச்சி. சரி. வெளாட்டு முடிஞ்சிது. குமிழையும் கம்பியையும் கழட்டுங்க. ஓட்டையெல்லாம் அடச்சி எப்பிடியாச்சும் அந்த மனிசர்ட தலையில கட்டுவம். எனக்கு அவசரம்.

— ஜெமீலா, அந்தக் கம்ப இங்கால நீட்டு.

— நானா! நீங்க ஏன் எழும்பி வந்தீங்க? சறுக்கப் போகுது.

— சறுக்கிறதெல்லாம் சறுக்கி முடிஞ்சி. இரி புவாத், ஏன் நிக்கிறாய்.

— இதென்ன, கோட்டு உடுத்தீக்கீங்க? தொப்பியும். இண்டைக்கு ஜும்ஆவும் இல்லயே.

— மடிச்சே வச்சா பூச்சி அரிச்சிப் போகும். காரைப் பத்திச் சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்லு, நல்லா இருந்திச்சி கேக்க.

— நானா, நான் ஒங்கட நல்லதுக்கு...

— நொண்டிக் குதிரை எண்டாய். லாடம் எப்பிடி எண்டு பாக்க வேணாமா? ஜெமீலா, கதவப் புடி.

— கால மெதுவா. எடது பக்கம் பாரம் போடுங்க. ம். சீட்டுல ஈந்தாச்சா?

— ஈந்தாச்சி. சோக்குக் கம்பிய இழு.

— இதுதான் ஓடுற சத்தமா? கோழி முட்டையிடுற மாதிரி ஈக்கி. நான் சொல்லல்லயா. நாலு தரம் இருமிட்டு நிண்டிடும்.

— இன்னம் கொஞ்சம் இழு, ஜெமீலா. போதும்.

— எஞ்சின் புடிச்சிக்கொண்டிச்சி.

— ஷெட்டுக்குள்ள நிண்டு எரைஞ்சா அது காரா? தையல் மெஷினும்தான் எரையும். ரோட்டுல எறக்கிப் பாத்தாத் தெரியும் கத.

— நேத்து ஹாலிஎல வரைக்கும் பெய்த்து வந்தம்.

— ஆரு?

— நானும் அவளும். வாரக்குள்ள ஒரு பொலிஸ்காரன் மறிச்சான். தலைய உள்ளுக்கு உட்டு எல்லாத்தையும் பாத்தான். குமிழத் திருப்பிப் பாத்தான், பிரேக்கத் தள்ளிப் பாத்தான். பொறகு கைய உசத்தி, போங்க மாத்தயா எண்டான். சிரிக்கல்ல. ஒன்னத் தவிர ஒருத்தரும் இன்னம் சிரிக்கல்ல.

— சரி, ஓட்டுங்க. நான் வேணாங்கல்ல. நாளைக்கு ஓட்டுங்க. நாளைக்கு நுவரெலியாவுக்கே போங்க. இண்டைக்கு வேணாம். மழை வரும்.

— வானத்தப் பாருங்க தம்பி. தொடச்சி வச்ச மாதிரி ஈக்கி.

— மதினி, நீங்க சும்மா இரிங்க. நானா, அந்தக் கொழும்பு மனிசர்ட லொறி வருமே. நான் வாக்குக் குடுத்திட்டன்.

— அந்த மனிசர்ட பேர் என்ன?

— பேர்... இப்ப வாயில வருதில்ல. என்னமோ ஒரு சிங்களப் பேர்.

— பண்டாரவளையில எங்க தங்கியீக்கார்?

— அது... நீங்க என்ன, பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க.

— ஒனக்குச் சின்ன வயசுலயே பொய் சொல்ல வராது, புவாத். காது செவந்திடும். இப்பவும் செவந்தீக்கி. ஜெமீலா, முந்தானையச் சரியாப் போட்டுக்கொண்டு முன்னுக்கு ஏறு. புவாத், நீ பின்னுக்கு.

— நான் வரல்ல. நான் நடந்தே போறன்.

— மேடு ஏறவே மூச்சு அடச்சிச்சி எண்டாய்.

— எறங்கிறதுக்கு மூச்சு வேணாம். இந்தக் கறிவேப்பிலக் கட்டுக்குள்ள என்னக் கண்டா பஜாரே சிரிக்கும். எனக்கு ஒரு மதிப்பு ஈக்கி அங்க. நீங்க ஊட்டுக்குள்ளயே இரிங்க நானா. ஒங்களக் கெஞ்சிக் கேக்கிறன். இண்டைக்கு ஒரு நாள் மட்டும்.

— அந்த ஒரு நாள் கதை எனக்குத் தெரியும். போர்டு எழுதுற தம்பையா முந்தநாள் வந்து என்னட்டச் சொல்லி அழுதிட்டுப் போனான். கடை வாசல்ல ஈக்கிற என்ட பேர அழிச்சிட்டு ஒன்ட பேர எழுதுறது இண்டைக்குத்தானாம். ஏறு தம்பி, அவன் ஏணியில கால் வைக்க முந்தி நாங்க போய்ச் சேரணும்.