ஆறாம் எண் கொடி

கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய வீடியோவை மறுபடி டேப்பில் ஏற்றும்போது வரும் தகராறுகளில் பத்துக்கு எட்டு கேபிளில்தான் இருக்கும். எங்கள் வீடியோ கிளப்பில் யார் வந்து புலம்பினாலும் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன். ஹிஸ்கேவின் கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதியவர், அதனால் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் டேப்புக்கு நான் ஆள். ஏரி உறைந்தால் ஐஸுக்கும் நான்தான் ஆள். துளை போட்டுக் கனம் அளப்பது, இன்று சறுக்கலாம் என்று அறிவிப்பது, மெல்லிய இடங்களில் சிவப்புக் கொடி நடுவது எல்லாம் என் வேலை. முப்பது குளிர்காலம், ஒரு காசு வாங்கியதில்லை. ஒருநாள் தாமதமாக அறிவித்தால் கோழை என்பார்கள், ஒருநாள் முந்தி அறிவித்தால் பைத்தியம் என்பார்கள். நன்றி என்ற சொல்லை எவன் வாயிலும் கேட்டதில்லை. கசப்பாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

கொடிகள் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் வெள்ளை எண் எழுதியிருக்கும். அந்த ஜனவரிக் காலையில் ஐந்தை நட்டுவிட்டு ஆறாவதோடு நாணல் வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வாத்துகள் நீந்திக்கொண்டே இருப்பதால் தண்ணீர் சரியாக உறையாது. வழியில் சூப் கூடாரத்திலிருந்து டூகெ கூப்பிட்டான்.

“வீப்ரன், சூப் எங்க, சூப் எங்கன்னு உயிரை வாங்கறானுங்க. அந்தக் கொடிய இங்க குத்துப்பா, கண்ணுல படட்டும்.”

“இது நாணல் வளைவுக்கு.”

“அங்க எவன் போகப்போறான்? வாத்துதான் போகும். முதல்ல நீ வந்து குடி.”

குடித்தேன். பட்டாணி சூப், கரண்டி நிற்கிற கெட்டி. கொடி கூடாரத்தின் ஓரத்திலேயே நின்றது. பிறகு நட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஹிஸ்கேவின் மகள் மாரிட் நாணல் வளைவில் ஐஸ் உடைந்து உள்ளே போனாள். பத்து வயது. ஊரே ஏணியோடும் கயிற்றோடும் அந்தப் பக்கம் ஓடியது. நான் கூடாரத்துக்கு ஓடினேன். போலீஸ் வந்தபோது ஆறாம் எண் கொடி வளைவில் நின்றது. கொடி இருந்தது, குழந்தை அதைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். டூகெ வாய் திறக்கவில்லை. நல்ல நண்பன். ஏப்ரலில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

அக்டோபரில் ஹிஸ்கே கிளப்புக்கு வந்தாள். அன்றைக்கு அவள் கேமராவில் எடுத்திருந்தாளாம். அதைப் போட்டுப் பார்க்கவே ஒன்பது மாதம் தைரியம் வரவில்லையாம், போலீஸிடமும் காட்டவில்லையாம். இப்போது பன்னிரண்டு நிமிடமாக வெட்டி வைத்திருந்தாள், நினைவுநாளில் மாரிட்டின் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட. படம் டேப்பில் ஏறமாட்டேன் என்கிறது என்றாள்.

ஒரிஜினல் டேப்பைக் கிளப்பின் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் மாரிட் கூடாரத்து வாசலில் நிற்கிறாள். மூக்கு நுனியில் சூப் ஒட்டியிருக்கிறது, சிரிக்கிறாள். பக்கத்திலேயே கொடி, கொடியில் ஆறாம் எண். தாய் பார்ப்பது முகத்தை மட்டும்தானே. அவள் எண்ணைப் பார்க்கவில்லை.

இங்கே விற்கிற கேமராக்களிலிருந்து படம் கம்ப்யூட்டருக்கு வரும், அங்கிருந்து திரும்ப உள்ளே போகாது. உள்ளே போகும் வழியைத் திறந்து விற்றால் சுங்கவரி கூடும் என்று அடைத்தே விற்கிறார்கள். அந்த அடைப்பைத் திறக்கும் தீப்பெட்டி அளவு கருவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பத்து நிமிட வேலை. நான் மூன்று வாரம் ஆக்கினேன்.

முதல் வாரம் கேபிளை மாற்றச் சொன்னேன். அப்புறம் மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன்.

“என் மேலதான் தப்பு இருக்கும், வீப்ரன். எனக்கு இதெல்லாம் வராது,” என்றாள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாக்கில் அவள் வீட்டுக்குப் போய், வேறு பிரதி இல்லை என்று தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரிலும் கேசட்டிலும் தவிர வேறெங்கும் இல்லை.

இரண்டாம் வாரம் டிஸ்க் நிரம்பியிருப்பதால் படம் திக்குகிறது, வெட்டாத பழைய காட்சிகளை அழித்துவிடு என்றேன். யாரிடம் கேட்டாலும் அதே யோசனைதான் சொல்வார்கள். அழித்தாள்.

மூன்றாம் வாரம் அவள் வீட்டில், அவளுக்குத் தெரியாமல் கேமராவின் அடைப்பைத் திறந்தேன். ஏற்றும்போது அந்தக் கூடாரத்து வாசல் காட்சியில் நானே இரண்டு முறை நிறுத்தினேன்.

“இந்த இடத்தைக் கம்ப்யூட்டர் முழுங்கமாட்டேங்குது. எடுத்துடலாம்.”

“ஐயோ, அதுலதானே அவ சிரிக்கிறா.”

“ஒரிஜினல் டேப்ல பத்திரமா இருக்கே, ஹிஸ்கே.”

“ஆமால்ல,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே வெட்டினாள். பிறகு காப்பி போட உள்ளே போனாள்.

இரண்டு கேசட்டும் ஒரே ரகம். எல்லாரையும் போல அவளும் பெட்டியின் மேல்தான் பெயர் எழுதியிருந்தாள், கேசட்டின் மேல் எழுதவில்லை. மேலே எதுவும் பதியாமல் காக்கிற, ஒரிஜினலின் ஓரத்துப் பூட்டை விரலால் தள்ளித் திறந்து அதைப் புதுப் பெட்டியில் வைத்தேன். புதியதைப் பழைய பெட்டியில் வைத்தேன். அவள் திரும்பி வந்ததும், “புதுசைப் போட்டு சிவப்பை அமுக்கு,” என்றேன். போட்டாள், அமுக்கினாள்.

பதினோரு நிமிடத்தில் படம் முடிந்தது. நான் நிறுத்தவில்லை. டேப் முழுக்கக் கறுப்பு ஏறினால்தான் கடைசியில் கொரகொரக்காது என்றேன். நாற்பத்தொன்பது நிமிடம் கறுப்பு ஏறியது. நாங்கள் காப்பி குடித்தோம்.

“அவ கொடியைப் பாத்துட்டுத்தான் போனாளா?” என்று கேட்டாள். “எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கொடிக்கு அந்தப் பக்கம் போகாதேன்னு. சொன்னா கேக்கற பொண்ணு அவ. எங்கயோ நான்தான் வளர்க்கத் தெரியாம வளர்த்துட்டேன் போல.”

“பிள்ளைங்கதானே, ஹிஸ்கே,” என்றேன். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பழைய பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

“இதுல புது டேப் இருக்கு. நானே மாத்திப் போட்டுட்டேன், வீப்ரன். என் கையாலயே அழிச்சுட்டேன்.”

எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லி உட்காரவைத்தேன். வெகுநேரம் அழுதாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். முப்பது வருஷத்தில் முதல் நன்றி அவளிடமிருந்துதான் வந்தது.

இப்போது நீங்கள் யாரோ வெளியூர்க்காரர் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறீர்கள். கூடாரம், கொடி, அதில் ஆறாம் எண், எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. மாரிட்டின் முதுகு மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கொடியை நான் நடவில்லை. குழந்தை செத்த பிறகு நட்டேன். டேப்பை அழித்ததும் நான்தான், அவள் விரலால்.

ஆனால் ஹிஸ்கே என்னிடம் வந்தது படத்தை டேப்பில் ஏற்றித் தரச்சொல்லித்தான். ஏற்றிக் கொடுத்தேன். நினைவுநாளில் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள், ஒரு இடத்திலும் திக்கவில்லை. என்னிடம் வந்த யாரும் வேலை முடியாமல் திரும்பிப் போனதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.